சுற்றாத மாடியைச் சுற்ற வைத்தவர்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவர் பம்பரம்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வைத்த பெயர் அது. உட்காரச் சொன்ன இடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அப்பாவுக்குச் செருப்புக் கடை. மகனைக் கடையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், வந்தவர்களுக்கு ஒரு கால் பெரிசாகவும் ஒரு கால் சின்னதாகவும் கட்டிக் கொடுத்துவிட்டு, யார் எப்போது திரும்பி வருகிறார்கள் என்று வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பான். “இவனை வச்சுக்கிட்டு கடை நடத்தறதும் ஓட்டைப் பானையில தண்ணி பிடிக்கிறதும் ஒண்ணு” என்று அப்பா தலைமுழுகினார். அந்தச் சமயம் பார்த்து ஊரின் நடுவில் புதிதாய் எழும்பியிருந்த கோபுரத்தின் உச்சி உணவகத்துக்குப் பரிமாற ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. பம்பரம் போய்ச் சேர்ந்தார்.

கோபுரம் பார்ப்பதற்குக் காம்பில் நிற்க வைத்த கரண்டி மாதிரி இருக்கும். காம்புக்குள் அலுவலகங்கள், தலையில் ஒலிபரப்புக் கம்பிகள், குழியில் உணவகம். அந்த உணவகம் சுற்றும், அதுதான் விசேஷம். நடுவில் சமையலறை, லிஃப்ட், கை கழுவும் இடம் எல்லாம் அசையாமல் இருக்கும். ஓரத்தில் கண்ணாடி ஜன்னலும் அதன் கீழே அகலமான ஜன்னல் திண்டும் அசையாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மேசைகள் போட்ட தரை மட்டும் வளையமாய், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகரும். சூப்பில் தொடங்கிக் காபியில் முடிப்பதற்குள் ஊரையே ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பம்பரம் சூப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே வந்தால் மேசை அங்கே இருக்காது. நகர்ந்து போயிருக்கும். சாப்பிட வந்தவர்களுக்கு வேறு மாதிரி தொல்லை. கைப்பையைத் திண்டில் வைப்பார்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பினால் பை இருக்காது. அப்படித்தான் ஒரு மத்தியானம், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் தோழிகளோடு வந்து, பையைத் தொலைத்துவிட்டு, நேரே பம்பரத்தை முறைத்தாள்.

“இங்கதான் வச்சேன். யாரு எடுத்தது?”

“பை எங்கயும் போகலைங்க. நீங்கதான் போயிட்டீங்க” என்றார் பம்பரம். மூன்று ஜன்னல் தள்ளி அனாதையாய் உட்கார்ந்திருந்த பையை எடுத்து வந்து கொடுத்தார்.

அந்தப் பதிலுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டதாக அந்த அம்மாள் பிற்பாடு சொல்வார். “ஒரு பதில் நல்லா இருந்துச்சுன்னு ஆளையே எடுத்துக்கிட்டேன். மிச்சப் பதிலையெல்லாம் அப்புறம்தான் கேட்டேன்” என்றும் சேர்த்துச் சொல்வார்.

வருஷங்கள் ஓடின. கோபுரத்துக்கு வயசாயிற்று. ஒலிபரப்பு வேறெங்கோ போயிற்று. அலுவலகங்கள் கண்ணாடிக் கட்டடங்களைத் தேடி ஒவ்வொன்றாய்க் காலி செய்துகொண்டு போயின. கரண்டிக் காம்பு முழுக்கக் காலி அறைகள். ஒரு நாள் உச்சியில் மோட்டார் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றுபோனது. உரிமைக்காரர்கள் வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், “பார்க்கலாம்” என்றார்கள். மோட்டாரைச் சரிசெய்தால் கையைக் கடிக்கும், கீழே மாட்டியிருந்த ‘சுழலும் உணவகம்’ பலகையை எடுத்தால் கூட்டம் வராது. ஆகவே உரிமைக்காரர்கள் வழக்கமாய்ச் செய்வதையே செய்தார்கள். ஒன்றும் செய்யவில்லை.

பலகையைப் பார்த்து மேலே வந்தவர்கள் பம்பரத்தைத்தான் பிடித்தார்கள். “என்னப்பா, சுத்தவே இல்லையே?”

“சுத்துதுங்க. வயசாயிடுச்சு, அதான் கொஞ்சம் மெதுவா சுத்துது.”

முதலில் வாயால் சமாளித்தார். பிறகு கையையும் சேர்த்துக்கொண்டார். வந்தவர் சூப்பை முடித்துவிட்டுக் கை கழுவ உள்ளே போவார். அவ்வளவுதான். பம்பரமும் சமையல்காரரும் தட்டு, டம்ளர், பை, குடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நாலு மேசை தள்ளி, வைத்தது வைத்தபடி அடுக்கிவிடுவார்கள். அவர் துண்டால் கை துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, பம்பரம் வாசலிலேயே நின்று, “இந்தப் பக்கம் வாங்க சார், உங்க மேசை இப்ப இங்க வந்திருக்கு” என்று கூட்டிப் போவார். போகும்போது ஜன்னலில் ஆறு தெரிந்தது, வந்து பார்த்தால் ரயில் நிலையம் தெரியும். மனிதர் வாயைப் பிளப்பார்.

தனியாக வருகிறவர்களிடம் இது சுலபம். ஜோடியாக வந்தால் ஒருவரைக் கூட்டுச் சேர்க்க வேண்டும். கணவன் கை கழுவப் போனதும் பம்பரம் மனைவியிடம் குனிந்து விஷயத்தைச் சொல்வார். இதுவரை எந்த மனைவியும் மறுத்ததில்லை. முகத்தைத் துளிக்கூட மாற்றாமல் எழுந்து, அடுத்த மேசையில் உட்கார்ந்து, கணவன் வந்ததும், “ஏங்க, எவ்ளோ தூரம் வந்துட்டோம் பாருங்க” என்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு தம்பதி அன்று சிரித்துக்கொண்டே போனார்கள். கணவன் எதற்குச் சிரித்தான் என்பதுதான் பம்பரத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

“ஊர் காதுல பூ சுத்துறீங்க” என்பார் வீட்டம்மாள்.

“பூதானே. முள்ளுச் செடி இல்லையே.”

இப்படி ஒரு நாள் தடித்த காலணி போட்ட ஓர் அம்மாள் தனியாக வந்தார். சூப்பும் ரொட்டியும் கேட்டார். கை கழுவப் போனார். திரும்பி வந்தார். நகர்ந்துவந்த மேசையைப் பார்த்து, “அட, சுத்துதே” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து அதே அம்மாள் ஒரு பெரிய காகிதச் சுருளோடு வந்தார். கோபுரத்தை மாற்றி அமைக்க நகராட்சி நியமித்திருந்த கட்டடக் கலைஞர் அவர்தான். சுருளை மேசையில் விரித்து, நாலு முனையிலும் உப்பு, மிளகு, டம்ளர், ஸ்பூன் என்று முனைக்கொன்றாய் வைத்துவிட்டு, பம்பரத்தைக் கூப்பிட்டார்.

“அன்னிக்கு நான் மேசைவிரிப்புல பென்சிலால ஒரு பூனைக்குட்டி வரைஞ்சு வச்சிருந்தேன். கை கழுவிட்டு வந்தா தட்டு இருக்கு, சூப் இருக்கு, பூனைக்குட்டியக் காணோம்.”

இத்தனை வருஷத்தில் மேசைவிரிப்பைப் பற்றிப் பம்பரம் யோசித்ததே இல்லை. “பூனைன்னா எங்கயாவது இறங்கிப் போயிருக்கும் மேடம்” என்றார், வேறு ஒன்றும் தோன்றாமல்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அங்கேதான் இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது.

வரைபடத்தைக் காட்டி விளக்கினார். காம்பில் இருக்கும் காலி அலுவலகங்கள் எல்லாம் சின்னச் சின்ன வீடுகளாகும். ஊருக்குள் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வெளியே போய்த் தூங்குகிற நர்சுகளுக்கும் பஸ் டிரைவர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் வாடகை வீடு. நடு மாடியில் குழந்தைகள் காப்பகம், துணி துவைக்கும் அறை. வீடு ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான். வீட்டுக்குள் நாலு பேர் வந்தால் ஒருவர் கட்டில் மேல் ஏறி நிற்க வேண்டும். அதனால் உச்சியில் இருக்கும் இந்த உணவகம், அத்தனை வீட்டுக்கும் பொதுவான பெரிய கூடம். படிக்கலாம், அரட்டை அடிக்கலாம், பிறந்தநாள் கொண்டாடலாம்.

“ஆனா ஒரு வியாபாரி குறுக்க நிக்கிறாரு. இந்த உச்சிய மட்டும் தனியாப் பிரிச்சு, நீச்சல் குளத்தோட ஒரே வீடாக்கி, ஒரே ஒரு பணக்காரருக்கு வித்துடலாம்னு சொல்றாரு. புதன்கிழமை நகராட்சிக் குழு வந்து பாத்து முடிவு பண்ணப் போகுது. ஓடுற நிலையில பழைய இயந்திரம் இருந்தா அந்த இடத்தைப் பொதுவுலதான் வைக்கணும்னு நகராட்சில ஒரு விதி இருக்கு. அதனால…”

“சுத்தணும்” என்றார் பம்பரம்.

“நான் பொய் எழுத மாட்டேன். ‘சுழலும் தளம்’னு எழுதியிருக்கேன். அதுக்குப் பேரே அதுதானே?”

“அதுக்குள்ள மோட்டாரைச் சரி பண்ண முடியாதா மேடம்?”

“ஓடாத இயந்திரத்துக்கு யாரும் ஒரு ஆணி வாங்கித் தர மாட்டாங்க. ஓடிட்டு இருந்தது நின்னுபோச்சுன்னா அடுத்த நாளே ஆள் அனுப்புவாங்க. அதனால முதல்ல ஓடணும். அப்புறம் பழுதாகணும்.”

இவ்வளவு தெளிவாக ஒரு விஷயத்தை யாரும் தனக்குச் சொன்னதில்லை என்று பம்பரம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் வியந்தார். வீட்டம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். “ஒருத்தர் கை கழுவப் போனா மேசையை மாத்தலாம். ஒரு குழுவே வந்தா எல்லாரையும் ஒண்ணாவா கை கழுவ அனுப்புவீங்க?”

அதுதான் சிக்கல். இரண்டு பேரும் யோசித்தார்கள். மறுநாள் சமையல்காரரையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராய் யோசித்தார்கள். பிறகு வீட்டம்மாள் தபால் நிலையத்தில் புதன்கிழமைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார்.

புதன்கிழமை மேகம் மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கென்று வானம் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. குழு மத்தியானத்தில் லிஃப்டிலிருந்து இறங்கியது. குழுத்தலைவர் கனத்த உடம்பு, மெல்லிய மீசை, தலையில் தொப்பி. கூடவே அந்த வீட்டு வியாபாரியும் வந்திருந்தார். வந்ததும் வராததுமாகத் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

பம்பரம் அவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்தார். “மெதுவா உக்காருங்க சார். எழுந்திருக்கும்போதும் மெதுவா எழுந்திருங்க. சில பேருக்கு ஒத்துக்காது.” தலைவர் தொப்பியைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தார். வைக்கவில்லை என்றால் பம்பரமே வாங்கி வைத்திருப்பார்.

சமையலறைக்குள் சமையல்காரர் பழைய மாவு பிசையும் இயந்திரத்தைத் தரையோடு சேர்த்துக் கட்டி, உள்ளே ஒன்றும் போடாமல் ஓட விட்டார். ம்ம்ம் என்று ஒரு முனகல் கிளம்பித் தரையில் பரவியது. டம்ளரில் தண்ணீர் லேசாய் நடுங்கியது. பம்பரம் தட்டுகளை ஏந்தி, கப்பலில் நடக்கிறவர் போல ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

ஜன்னல் பக்கம் ஓர் அம்மாள் தலையில் துணி கட்டிக்கொண்டு, வாளியும் கையுமாய்த் திண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் கை அது. ஒரு சாண் துடைப்பார், தொப்பியை ஒரு சாண் நகர்த்துவார். மறுபடி ஒரு சாண். யாரும் அவரைப் பார்க்கவில்லை. துடைக்கிறவர்களை யார் பார்க்கிறார்கள்?

குழு சூப்பைக் குடித்தது. கட்டடக் கலைஞர் வரைபடத்தைக் காட்டி, துணி துவைக்கும் அறையைப் பற்றி நீளமாய்ப் பேசிக்கொண்டிருந்தார். வியாபாரிதான் முதலில் ஆரம்பித்தார். “இது சுத்தற மாதிரியே தெரியலையே. அதோ அந்தத் தண்ணித் தொட்டி, வந்தப்ப இருந்து அங்கயேதான் நிக்குது.”

“அது வேற தொட்டி சார்” என்றார் பம்பரம். “வந்தப்ப பாத்தது அந்தப் பக்கம் போயிடுச்சு. எல்லாம் ஒரே அச்சுல செஞ்சது, பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“என் காதுல பூ சுத்தாதீங்க.”

தலைவர் இதற்கு மத்தியஸ்தம் செய்யலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். தொப்பி வைத்த இடத்தில் தொப்பி இல்லை. தேடினார். மூன்று ஜன்னலுக்கு அப்பால், தூரத்து உறவுக்காரர் மாதிரி அது தனியாய் உட்கார்ந்திருந்தது.

தலைவர் முகம் வெளுத்தது. மேசையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார்.

“சுத்தலைன்னு யாருய்யா சொன்னது? என் தொப்பி பொய் சொல்லுமா?”

“சார், அது வந்து…” என்றார் வியாபாரி.

“நீங்க பேசாதீங்க. எனக்குத் தலை சுத்துது.”

அவருக்கு உண்மையிலேயே சுற்றியது. நெற்றியில் வியர்த்தது. பக்கத்தில் இருந்த குழு உறுப்பினர் ஒருவர், தனக்கும் வந்ததிலிருந்து வயிற்றைப் பிரட்டுவதாகவும் மரியாதைக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டார். பம்பரம் குளிர்ந்த தண்ணீரோடு ஓடினார். அவர் ஒரு நாளும் இதை எதிர்பார்க்கவில்லை. சுற்றுகிறது என்று நம்ப வைக்கத்தான் பார்த்தார். இப்படி வாந்தி எடுக்கிற அளவுக்கு நம்பிவிடுவார்கள் என்று யார் கண்டது?

“முதல்ல இதை நிறுத்தச் சொல்லுங்க” என்றார் தலைவர்.

பம்பரம் சமையலறைப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். இயந்திரம் அடங்கியது. முனகல் நின்றது.

“அப்பாடா” என்றார் தலைவர். “இப்ப நின்னுச்சு.”

“ஆமா, இப்ப நல்லாத் தெரியுது” என்றது குழு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று அந்த வியாபாரிகூடக் கொஞ்சம் தடுமாறித்தான் எழுந்தார். தலைவர் தொப்பியை வாங்கித் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு லிஃப்ட் வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார். “இங்க எவன் குடியிருப்பான்? ராத்திரி வடக்க தலை வச்சுப் படுத்தவன் காலைல தெற்க தலை வச்சு எழுந்திருப்பான். பொதுக் கூடமாவே இருக்கட்டும். வரட்டும், ஒரு சுத்து சுத்தட்டும், இறங்கி வீட்டுக்குப் போகட்டும்.”

லிஃப்ட் கதவு மூடியதும் வீட்டம்மாள் தலைத்துணியை அவிழ்த்தார். “அந்தத் தொப்பி உள்பக்கமெல்லாம் எண்ணெய். நகர்த்தறதுக்குள்ள வழுக்கி வழுக்கிப் போச்சு.”

“அண்ணி, நீங்க மட்டும் இல்லைன்னா…” என்று சமையல்காரர் உருகினார்.

“போதும் தம்பி. அந்த இயந்திரத்தைக் கட்டின கயித்த அவுத்துடுங்க. தரையெல்லாம் இன்னும் நடுங்குது.” இயந்திரம் நின்று வெகு நேரமாகியிருந்தது. ஆனாலும் வீட்டம்மாள் நாற்காலி முதுகைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார்.

அடுத்த வாரம், ‘தலைவர் உத்தரவின்படி நிறுத்தப்பட்ட தளம் மீண்டும் ஓட மறுக்கிறது’ என்று கட்டடக் கலைஞர் எழுதிப் போட்டார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சொன்ன மாதிரியே மெக்கானிக் வந்தார். தரைக்கு அடியில் இருந்த மூடியைத் திறந்தார். உள்ளே புறாக்கள் குடும்பம் குடும்பமாய் வாழ்ந்துகொண்டிருந்தன. பல்சக்கரம் துருவேறிப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

“இது நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சே” என்றார் மெக்கானிக்.

“போன புதன்கிழமைதான் தம்பி நின்னுச்சு. குழுவே பாத்துச்சு. வேணும்னா தலைவர்கிட்ட கேட்டுக்கோங்க.”

மெக்கானிக் பம்பரத்தைப் பார்த்தார். புறாவைப் பார்த்தார். தலைவரிடம் போய்க் கேட்கிற ஆளாக அவர் தெரியவில்லை. ‘அதிகப் பயன்பாட்டால் தேய்மானம்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன் பிறகு கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். இரண்டு மழைக்காலம் வேலை நடந்தது. அலுவலகச் சுவர்களை இடித்தார்கள், தண்ணீர்க் குழாய்களை இழுத்தார்கள், ஒவ்வொரு மாடியிலும் திறக்கவே முடியாதபடி பூட்டிக்கிடந்த ஜன்னல்களைக் கழற்றிவிட்டுத் திறக்கிற ஜன்னல்களாய் வைத்தார்கள். முதல் முறையாகக் கோபுரத்தில் துணி காய்ந்தது. கரண்டிக் காம்பில் கொடி கட்டித் துணி காயப் போட்டால் ஊரின் அழகு கெட்டுவிடும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். உச்சியில் புது மோட்டார் வந்தது. புறாக்களுக்கு வெளிப்பக்கம் பலகை அடித்துக் கொடுத்தார்கள். பம்பரத்துக்குப் பொதுக் கூடத்தின் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. சமையல்காரர் நடு மாடிக் காப்பகத்தின் சமையலுக்குப் போனார்.

இப்போது அங்கே ராப்பணி முடித்த நர்சுகள் வெயிலைத் துரத்திக்கொண்டு நாற்காலியில் தூங்குகிறார்கள். பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் வரும்போது வீட்டுப்பாடத்தை ஆரம்பித்து, ரயில் நிலையம் வரும்போது முடிக்க வேண்டும் என்று தாய்மார்கள் கெடு வைக்கிறார்கள். சாவி, கைப்பேசி, பால்புட்டி என்று தினம் ஏதாவது ஒன்று திண்டில் தொலைந்து கிடைக்கிறது.

ஒரு நாள் குழுத்தலைவர் பொட்டலம் அனுப்பத் தபால் நிலையத்துக்குப் போயிருக்கிறார். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த அம்மாளை வெகு நேரம் உற்றுப் பார்த்தாராம். “உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. அந்தக் கோபுரத்துல…”

“நான் மாடிப்படி ஏறினாலே மயங்கி விழற ஆள் சார்” என்று வீட்டம்மாள் பொட்டலத்தின் மேல் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் பம்பரத்துக்கு மட்டும் என்னவோ கை அரித்தது. தரை தானாகவே சுற்றுகிறது. அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒழுங்காகச் சுற்றுகிற தரையில் நாள் முழுக்க உண்மையே பேசிக்கொண்டிருப்பது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் கட்டடக் கலைஞருக்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் தயங்கித் தயங்கி, கோபுரம் ஆண்டுக்கு ஒரு விரற்கடை வளர்வதாகப் பிள்ளைகள் சொல்வதாகவும், நிழல் முன்பெல்லாம் ரொட்டிக் கடை வரைக்கும்தான் விழுந்தது, இப்போது சலூனைத் தாண்டிப் போகிறது என்று ஆதாரம் காட்டுவதாகவும், பெரியவர்களிலேயே சிலர் போய்ப் பார்த்துவிட்டுக் கவலைப்படுவதாகவும் சொன்னார்.

அந்த அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டுப் பம்பரத்தைக் கூப்பிட்டார்.

“கோபுரம் வளருதாமே.”

“பயப்படற அளவுக்கு இல்லை மேடம்” என்றார் பம்பரம். “குளிர்காலத்துல மட்டும்தான் கொஞ்சம் வேகமா வளருது.”